ஒரு அன்னம் மட்டும் திரும்பி நின்ற சேலை

அப்பா,

இன்றைக்குச் சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரை நடைபாதையில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முந்தானையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில், ஷூவை மாட்டிக்கொண்டு சர்க்கரைக்காக நடக்கப் போன பொம்பளை செய்கிற காரியமா இது? எல்லாம் உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி.

அவள் எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் கேக் டப்பா, இன்னொரு கையில் பூப் பொட்டலம். மயில்கழுத்து நிறத்தில் ஆரணிப் பட்டு, அரக்குக் கரை. ஊரே கடலைப் பார்த்துக்கொண்டு நடக்கிறது, நான் அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவளைத் தாண்டிப் போன நான் திரும்பி, பத்தடி பின்னாலேயே போனேன். முந்தானையில் அன்னங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நாலு அன்னம் ஒரே பக்கம். ஐந்தாவது மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது. அதைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது.

"இன்னாக்கா, சேலய புடிச்சிக்கினு நிக்கிற?" என்றாள் அவள். கோபமில்லை, ஆச்சரியம்தான்.

"மன்னிச்சுக்கம்மா. இது எங்க அப்பா கடையில வித்த சேலை. அதான் பாத்ததும்..."

"அய்ய, நான் வாங்குனது இல்லக்கா. மயிலாப்பூர்ல வேல செய்ற ஊட்ல ஒரு மாமி குட்துச்சு. எத்தினியோ வர்சமாச்சு. பேத்திக்கு இன்னிக்குப் பொறந்த நாளு, அதான் எட்த்துக் கட்டிகினேன். நல்லா கீதா?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. சாயம் ஒரு துளி மங்கவில்லை. மற்ற விஷயங்களில் எப்படியோ, சாயத்தைப் பற்றி நீங்கள் பொய் சொன்னதே கிடையாது. அவள் போன பிறகு அங்கேயே ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் உங்களைத் திட்டினேன். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. இன்னும் திட்டித் தீரவில்லை.

உங்களுக்கு மனுஷர் முகம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கோவில்பட்டியிலிருந்து வந்து தி. நகரில் கடை போட்டு, பெரிய பெரிய கடைகளுக்கு நடுவில் அந்த ஒற்றைக் கதவுக் கடையை ஓட்டிய அத்தனை வருஷமும், நீங்கள் பார்த்ததெல்லாம் துணிதான். என் ஸ்கூல் டீச்சர் உங்களுக்கு 'அந்த வாடாமல்லி.' என் சிநேகிதியின் அம்மா 'வெந்தயக் கலர், கட்டம் போட்டது.' ஆம்பளைகளுக்கு வேட்டிக்கரைதான் அடையாளம். கல்யாண வீடுகளில் சொந்தச் சித்தப்பாவைத் தாண்டிப் போய்விட்டு, அவர் வேட்டியைத் திரும்பிப் பார்த்து, "அடடே, நீங்களா!" என்று ஓடி வருவீர்கள். அம்மா சொல்லுவாள்: "இவியளுக்கு மூஞ்சி எதுக்கு? முந்தானை போதும்."

ஊரார் விஷயம் எப்படியோ போகட்டும். இரண்டாம் வகுப்பில் நான் படித்தபோது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் என்னைக் கூட்டிப்போக நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவீர்கள். மணி அடித்ததும் நூறு பிள்ளைகள் நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டையில் வெளியே ஓடிவரும். நீங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்பீர்கள். என் மேலேயே உங்கள் கண் பட்டுத் தாண்டிப் போகும். நான் வந்து கையைப் பிடித்து இழுத்தால்தான், "வந்துட்டியாட்டி" என்பீர்கள். அப்பாவுக்கு என் முகம் தெரியாது என்று அன்றைக்கு எனக்குள் விழுந்தது. விளையாட்டாகச் சொல்லவில்லை. அது ஐம்பது வயசு வரைக்கும் என் கூடவே வந்தது.

இனி அந்த நடைபாதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தைந்து வயது, ஆழ்வார்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. அதற்குள் மூன்று வீட்டார் நம் அசோக் நகர் வீட்டுக்கு வந்து, பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டு, "ஊருக்குப் போயி லெட்டர் போடுதோம்" என்று எழுந்து போயிருந்தார்கள். முதல் இரண்டு பேர் லெட்டர் போடவில்லை. மூன்றாவது வீட்டார் போட்டார்கள். பெண் நிறம் கம்மி என்று பச்சையாகவே எழுதியிருந்தார்கள். அந்த லெட்டரை மடித்து உங்கள் கல்லாப்பெட்டியிலேயே வைத்துவிட்டு, இனிமேல் தட்டைத் தூக்கிக்கொண்டு யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "சரி, நிக்க வேண்டாம். நடப்போம்."

அப்போது அது ஒரு புது வழக்கமாக வந்துகொண்டிருந்தது. பெண்வீடும் பிள்ளைவீடும் கோயிலிலோ பீச்சிலோ தற்செயலாகச் சந்தித்துக்கொள்கிற மாதிரி சந்தித்துக்கொள்வது. பிடிக்காவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் பிரிந்துபோகலாம். தரகர் பேசி முடித்தார். பிள்ளைவீட்டார் கே.கே. நகரில் இருந்தார்கள், அவர்களும் நம் பக்கத்து ஆட்கள்தான். பையன் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். நாம் அஷ்டலட்சுமி கோயிலில் கும்பிட்டுவிட்டு நடைபாதையில் வடக்கே நடக்க வேண்டும், அவர்கள் எதிரே வர வேண்டும். சரி, நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன். நீங்கள் அதில் கை வைக்கும்வரை.

முதலில் நேரம். சாயங்காலம் சரியாக ஐந்து மணி என்றீர்கள். ஆபீஸ் விட்டு வரவே எனக்கு ஆறாகும் என்றேன். "பர்மிஷன் போடு. வெயிலும் இருக்கக் கூடாது, லைட்டும் போட்டிருக்கக் கூடாது. அதான் நெசமான கலர் தெரியுத நேரம்" என்றீர்கள். கடையில் டியூப்லைட்டில் சேலை பார்க்கிற பெண்களிடம், "வாசல் வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டு எடுங்கம்மா" என்று நீங்களே சேலையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவீர்களே, அந்த நியாயம்.

"நான் என்ன சேலையாப்பா?"

"சேலைக்கே அவ்வளவு பாக்கோம். உனக்குப் பாக்க வேண்டாமாட்டி?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்தது என் சேலை. வெளிர்நீலத்தில் ஒன்று எடுத்து வைத்திருந்தேன். நீங்கள் கடையிலிருந்து கனகாம்பர நிறத்தில் ஒரு பட்டைக் கொண்டுவந்து மடியில் போட்டீர்கள். என் நிறத்துக்கு அதைக் கட்டினால் இன்னும் கறுப்பாகக் காட்டும் என்று கத்தினேன். அம்மாவும் என் பக்கம்தான் பேசினாள். நீங்கள் அசையவில்லை. "கனகாம்பரம் கறுத்த கொண்டையிலதான் எடுப்பா இருக்கும். வெள்ளைத் தலையில வச்சுப் பாரு, தெரியும்." நான் அழுதுகொண்டே அதற்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன்.

எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்த மாதிரி ஒன்று செய்தீர்கள். அவர்களை எப்படி அடையாளம் தெரியும், ஒரு போட்டோவாவது வாங்குங்கள் என்று நான் தரகரைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, நீங்கள் போனிலேயே பையனின் அம்மாவிடம் பேசிவிட்டீர்கள். அவர்கள் பொங்கலுக்கு நம் கடையில் ஒரு சேலை எடுத்தார்களாம். மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை, முந்தானையில் அன்னம். அதையே கட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டீர்கள்.

"போட்டோ எதுக்கு? நான் வித்த சேலை எனக்குத் தெரியாதா? அந்தச் சேலை உலகத்துல வேற எங்கயும் கெடையாதுட்டி. அஞ்சாவது அன்னம் திரும்பி நிக்கும்."

அது நெசவில் நேர்ந்த பிழை. ஆரணியிலிருந்து வந்த அந்தக் கட்டு முழுக்கவே அப்படித்தான் வந்தது. திருப்பி அனுப்பாமல், 'தனி டிசைன்' என்று சொல்லி அத்தனையையும் ஒரே பொங்கலில் விற்றுத் தீர்த்தவர் நீங்கள்தான். உலகத்தில் வேறெங்கும் கிடையாது, வாஸ்தவம். ஆனால் அடையாறு முதல் மயிலாப்பூர் வரை பாதிப் பெண்கள் பீரோவில் அது இருந்ததே, அது ஏன் அப்பா உங்கள் புத்தியில் உறைக்கவில்லை? விற்றவருக்கே எத்தனை விற்றோம் என்று மறந்துபோகுமா?

ஐந்து மணிக்கு நடைபாதையில் இறங்கினோம். நல்ல காற்று. பலூன்காரர்கள், மாங்காய் பத்தை விற்கிறவர்கள், குதிரைக்காரன் என்று அன்றைக்குக் கூட்டமும் இருந்தது. நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னே நடந்தீர்கள். அம்மா தண்ணீர் பாட்டிலோடு நடுவில். நான் கனகாம்பரத்தில், கடைசியில். கடல் எந்தப் பக்கம் இருந்தது என்று அன்றைக்கு உங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டீர்கள். "அன்னா போகுது பாரு, அது காஞ்சிபுரம்னு சொல்லி அந்தம்மா தலையில கட்டியிருக்கான். ஆரணிதான்." "அந்தப் பச்சை ஒரு தண்ணிக்குத் தாங்காது." இப்படியே வந்தீர்கள். பெண் பார்க்க வந்தவர்கள் அவர்களா நாமா என்றே எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் எதிரே மயில்கழுத்து நிறம் வந்தது.

நீங்கள் ஓடாத குறையாகப் போனீர்கள். நான் பின்னாலிருந்து, "அப்பா, நில்லுங்கப்பா" என்றேன். அந்த அம்மாளின் மூக்கில் இரண்டு பக்கமும் வைரம். பக்கத்தில் நடந்து வந்த மனிதரின் நெற்றியில் பளிச்சென்று திருமண். கே.கே. நகர் நாடார் வீட்டில் யார் நெற்றியில் திருமண் போட்டுக்கொண்டு வருவார்கள்? நெற்றி என்பதும் முகத்தில்தானே இருக்கிறது, நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? ஐந்தாவது அன்னத்தைப் பார்த்தாகிவிட்டது, உங்களுக்கு அது போதும். கூடவே முப்பது வயதில் ஒரு மகன் வேறு வந்துகொண்டிருந்தான்.

"வாங்க வாங்க! வந்துட்டியளா?" என்று கும்பிட்டீர்கள்.

மாமி ஒரு நிமிஷம் திகைத்தாள். "உங்களை எங்கேயோ பார்த்திருக்கேன்..."

"நம்ம கடையிலதாம்மா. பொங்கலுக்கு."

"ஆமா, புடவைக்கடை! தி. நகர்! பாத்தேளா," என்று கணவரிடம் திரும்பினாள், "நான் சொல்லலை? சாயமே போகலைன்னு அன்னிக்கிக்கூடப் பேசிண்டிருந்தோமே, அந்தக் கடைக்காரர்."

சாயத்தைச் சொன்னதும் உங்களுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அப்புறம் யார் தடுத்தாலும் நிற்க மாட்டீர்கள். அங்கேயே பெஞ்சில் உட்காரவைத்தீர்கள், சுண்டல் வாங்கினீர்கள். "இவதான் என் மக" என்றீர்கள். "அப்படியா! ரொம்ப லட்சணமா இருக்கா. என்ன படிச்சிருக்கா?" என்றாள் மாமி. பெண் பார்க்கிறவர்கள் கேட்கிற கேள்விதானே அது. நீங்கள் என் படிப்பு, வேலை, நான் வைக்கிற மீன்குழம்பு எல்லாம் சொன்னீர்கள். மீன்குழம்பு என்றதும் அந்த மனிதர் மெதுவாகச் சுண்டலைக் கீழே வைத்தார். அதையும் நான்தான் பார்த்தேன்.

"தம்பி எங்க வேல பாக்காவ?"

"இவனா? பேங்க்கில."

அம்மா என் காதில், "தரகர் படம் வரையித வேலைன்னுல்லா சொன்னாரு?" என்றாள். அது உங்கள் காதிலும் விழுந்தது. "மாறியிருப்பாவ" என்று சொல்லிவிட்டு, இருபது நிமிஷம் கழித்து அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்: "எங்களுக்குத் திருப்திம்மா. பிள்ளைய ரெண்டு பேரும் தனியா ரெண்டு வார்த்தை பேசட்டுமா?"

"தாராளமா பேசட்டுமே. இவனும் பொழுது போகாமதான் உக்காந்துண்டிருக்கான். ஆத்துக்காரி பிரசவத்துக்குப் பொறந்தாத்துக்குப் போயிருக்கா."

அப்பா, பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்று நான் நின்றேன். அந்தப் பிள்ளை இருமினான். விஷயம் விளங்கியதும் அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமிதான் சிரிக்கவில்லை. பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து, பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்தாள். "வெக்கப்படாதேம்மா, இதுல என்ன இருக்கு? இந்தக் கனகாம்பரக் கலர் உனக்கு என்னமா இருக்கு தெரியுமோ?" என்றாள். நீங்கள் என்னைப் பார்த்து, பார்த்தியா என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினீர்கள். அந்த நிலைமையிலும் உங்களுக்கு அதுதான் முக்கியம்.

உண்மையான பிள்ளைவீட்டார் நம்மை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள். கனகாம்பரச் சேலையில் பெண் வருவாள் என்று நீங்கள் அவர்களிடம் சொல்லியிருந்தீர்கள் அல்லவா, அது அவர்களுக்குச் சரியாகவே உதவியது. மாமி குடும்பம் எழுந்து போனதும் பையனின் அம்மா நேரே வந்து நின்றாள்.

"ஒரு மணி நேரமா குறுக்கயும் மறுக்கயும் நடக்கோம். நீங்க என்னடான்னா ஆரோடயோ உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்கிய."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அசடு வழிந்திருக்கலாம். நீங்கள் அவள் கட்டியிருந்த பழுப்பு மஞ்சள் சேலையை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "இது நம்ம கடையில எடுத்தது இல்லையே?" என்றீர்கள்.

"அந்தச் சேலைக்கு ஜாக்கெட்டு தைச்சு வரல" என்றாள் அவள். முகம் சுண்டிவிட்டது.

அந்தப் பையன் மட்டும் சிரித்தான். ஒல்லியாக, சட்டைப் பையில் பென்சில் செருகிக்கொண்டு இருந்தான். என் பக்கத்தில் வந்து, "பேரு எழுதி ஒரு அட்டையப் பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லியிருக்கணும்" என்றான் மெதுவாக. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கடல் பிடிக்குமா?" என்றான். "இன்னும் பாக்கல. வந்ததுலேருந்து சேலைதான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். இரண்டு நிமிஷம்தான். ஆனால் எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. முன்பு வந்த மூன்று பேரிடமும் தோன்றாத ஒன்று அப்போது தோன்றியது. இது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. நான் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

அதற்குள் நடைபாதை விளக்கெல்லாம் எரிந்துவிட்டது. அந்தக் காலத்து மஞ்சள் சோடியம் விளக்கு. எல்லோர் முகத்திலும் மஞ்சள் காமாலை அடித்த மாதிரி இருந்தது. அந்த அம்மாள் என் கையைப் பிடித்து விளக்குக் கம்பத்துக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். தாடையைப் பிடித்து முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். "கலரு ஒண்ணும் தெரிய மாட்டேங்குதே. தரகர் காட்டுன போட்டோவுல கொஞ்சம் வெளுப்பாத் தெரிஞ்சா..." என்று தன் பாட்டுக்குப் பேசினாள். பிறகு என் முழங்கையை, சேலை மறைத்த இடத்தை, விலக்கிப் பார்த்தாள். நடந்து போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

நீங்கள் வந்து அவள் கையை எடுத்துவிட்டீர்கள்.

"போதும்மா. விரிச்சுப் பாத்துட்டு மடிச்சு வைக்க இது சேலை இல்ல. எம் மக."

அவ்வளவுதான். "வாட்டி போவோம்" என்று நடந்துவிட்டீர்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

பஸ்ஸில் நான் குதித்தேன். ஐந்து மணி வெளிச்சத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்று சொன்னது யார்? காலையிலிருந்து என்னைச் சேலையாக்கியது யார்? அவள் தாடையைப் பிடித்தால் பிடித்துவிட்டுப் போகிறாள், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, உங்களை யார் கேட்டார்கள் என்றெல்லாம் கேட்டேன். கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். பனகல் பார்க் தாண்டியதும் வாயைத் திறந்தீர்கள்.

"அந்தம்மா கட்டியிருந்த சேலை ரெண்டு தண்ணியில சாயம் போயிரும்."

இதுதான் நீங்கள் எனக்குச் சொன்ன ஆறுதல்!

நான்கு நாள் கழித்துத் தரகர் கடைக்கு வந்தார். பையன் பிடிவாதமாக இருக்கிறானாம், அம்மாவும் இறங்கி வந்துவிட்டாளாம். நீங்கள் போன் போட்டு, தெரியாமல் பேசிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்கு ஓடி வந்தேன். உங்களிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள், அன்றைக்குக் கேட்டேன். "ஒரே ஒரு வார்த்தைப்பா. எனக்காக."

"சொல்லுதேன்" என்றீர்கள். நம்பரைச் சுழற்றினீர்கள். அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கே கேட்டது. யாரோ எடுத்து "ஹலோ" என்றார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. பிறகு ரிசீவரை வைத்துவிட்டீர்கள்.

"முடியலட்டி" என்றீர்கள். சேலை மடிக்கப் போய்விட்டீர்கள்.

அந்த 'முடியல'வை நான் மன்னிக்கவில்லை. கௌரவம், வீம்பு, பிடிவாதம் என்று என்னென்னவோ பேர் வைத்தேன். நாலு வருஷம் கழித்து ஆபீசில் பழக்கமானவரை நானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டேன். நல்ல மனுஷர். அவருக்குப் பட்டுக்கும் பாலியெஸ்டருக்கும் வித்தியாசம் தெரியாது, அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்தது. வாழ்க்கையில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் உங்களோடு எதற்குச் சண்டை வந்தாலும், கடைசியில் அந்தப் போனில்தான் வந்து நின்றது. "எம் மூஞ்சியப் பாத்து ஒரு நாளாவது எதாவது செஞ்சிருக்கீங்களா?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! நீங்கள் வாயைத் திறந்ததே இல்லை.

அம்மா போனபின் உங்களை அடையாறுக்கு என்னோடு கூட்டிவந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் மறந்துபோயிற்று உங்களுக்கு. கடைசி வருஷத்தில் நான் யாரென்றே தெரியவில்லை. தினமும் குளிப்பாட்டிச் சோறூட்டுகிற என்னைப் பார்த்து, "நீ யாரும்மா? நல்ல பிள்ளையா இருக்கியே" என்பீர்கள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வரும். முன்னே மட்டும் தெரிந்ததாக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே வாயைத் துடைத்துவிடுவேன்.

ஒரு நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. சுடிதாரைக் கழற்றிவிட்டு, பீரோவின் அடியிலிருந்து அந்தக் கனகாம்பரச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தேன். முகம் தெரியாவிட்டால் போகிறது, முந்தானையாவது தெரியட்டும்.

கண் மலர்ந்துவிட்டது உங்களுக்கு. முந்தானையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தீர்கள். எத்தனை வருஷம் கழித்து! பிறகு முகம் கடுகடுத்தது.

"இது எம் மக சேலைல்லா? நீ ஏன் கட்டியிருக்கே?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சேலை திருடிய குற்றமும் என் தலையில்! "உங்க மகளா? அவ எப்படி இருப்பா?" என்றேன். கனகாம்பரம், ஜரிகைக் கரை, ஆறு கஜம் என்று சொல்லப்போகிறீர்கள் என்று காத்திருந்தேன்.

"அவளா? இடது புருவத்துல சின்ன வெட்டுத் தழும்பு இருக்கும். அளவுகோல் பட்டது, என் கடையிலதான். கோவம் வந்தா கீழுதட்டைக் கடிப்பா. சிரிச்சா வலது கன்னத்துல மட்டும் குழி விழும்." முந்தானையை மறுபடி ஒரு தடவை தேய்த்தீர்கள். "பீச்சுல ஒருத்தி அவ தாடையப் பிடிச்சுத் திருப்பினா. எம் பிள்ளை அழல. ஆனா கண்ணு ரெண்டும் ரொம்பிட்டு. கீழ விழாம அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னா. அந்த மஞ்ச வெளக்குல வேற ஒருத்தரும் பாக்கல, நான் பாத்தேன். அப்புறம் அந்தம்மாகிட்ட போயி மன்னிப்புக் கேளுன்னா... கேக்கச் சொல்லி வந்ததும் அவதான். அவ மூஞ்சியப் பாத்தேன். எனக்கு முடியல."

அப்பா, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இருபத்தைந்து வருஷமாக நான் உங்களிடம் கத்திக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் கத்தினேன், கடையில் கத்தினேன், என் வீட்டு ஹாலில் கத்தினேன். கண் நிறைந்தது எனக்கே மறந்துபோயிருந்தது. அன்றைக்கு அந்த பஸ்ஸிலேயே, "நீ அழப் பாத்தேட்டி" என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அதை விட்டுவிட்டு யாரோ ஒருத்தியின் சேலைச் சாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தீர்களே! உங்களை என்ன சொல்லித் திட்டுவது?

"நான்தாம்ப்பா அது" என்றேன். என் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினேன். நீங்கள் உற்றுப் பார்த்தீர்கள். பிறகு தலையை ஆட்டினீர்கள்.

"இல்லம்மா. அவ சின்னப் பிள்ளை. நீ நல்லவதான், ஆனா அவ சேலை உனக்கு வேண்டாம். அவ வந்தா குடுத்துரு."

"குடுத்துடறேன்" என்றேன்.

பீரோவில்தான் இருக்கிறது அப்பா. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து, பிரித்து, மடிப்பை மாற்றி வைக்கிறேன். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை ஒடிந்துவிடும் என்று நீங்கள் சொன்னது மறக்கவில்லை.